வானம் பொய்க்காத பஞ்சம்: 1929ஆம் ஆண்டுப் பெருமந்தத்தின் காரணங்கள்

'பஞ்சம்' என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழர் மனக்கண்முன் தோன்றுவன வறண்ட ஏரியும் வெடித்த வயலுமே ஆகும். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார். 1876ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை மாகாணத்தை வாட்டிய கொடுமையைத் 'தாது வருடப் பஞ்சம்' என்றே நம் முன்னோர் நினைவிற் கொண்டனர். அக்கொடுமை வளர்ந்ததில் ஆட்சியாளரின் கொள்கைக்கும் பங்குண்டு. எனினும் அதன் தொடக்கம் மழை பொய்த்ததே. மழை இன்றேல் விளைவு இல்லை, விளைவு இன்றேல் உணவு இல்லை என்னும் இக்கணக்கு கல்லாதார்க்கும் விளங்குவது.

ஆனால் 1929ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டு வரை உலகைச் சூழ்ந்த பெருமந்தம் இக்கணக்கிற்குள் அடங்காதது. உலகம் முழுவதையும் ஒருசேர நோக்கின், அந்நாளில் விளைச்சல் குறையவில்லை. அமெரிக்கச் சமவெளிகளில் பின்னர் வறட்சி வந்தது உண்மையே. அது துன்பத்தைப் பெருக்கியதேயன்றி மந்தத்தைத் தோற்றுவிக்கவில்லை. பிரேசில் நாட்டில் விற்கவியலாத காப்பிக் கொட்டையைத் தீயிலிட்டனர். அமெரிக்க உழவர் சிலர் நிலக்கரியைவிட மக்காச்சோளம் மலிவென்று அதனையே அடுப்பில் எரித்தனர். அதே காலத்தில் நகர வீதிகளில் ஒரு துண்டு ரொட்டிக்கும் ஒரு குவளைக் கஞ்சிக்கும் மக்கள் நெடுவரிசையில் நின்றனர். களஞ்சியம் நிறைந்திருக்க வயிறு காய்ந்த இந்நிலைக்குக் காரணம் என்ன?

இலக்கிய வட்டத்தின் மலரில் பொருளாதார வரலாறு எதற்கு என்று சிலர் வினவலாம். துன்பத்திற்கு எதனைக் காரணமாகச் சொல்கிறோம் என்பது இலக்கியத்திற்கும் உரிய வினாவாகும். விதி என்றோ இயற்கை என்றோ சொல்லிவிட்டால் பொறுப்பாவார் எவரும் இலர். பெருமந்தத்தின் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், அவை மனிதர் வகுத்த ஏற்பாடுகளிலும், அவ்வேற்பாடுகளை மாற்ற மறுத்த பிடிவாதத்திலும் வேர்கொண்டிருத்தல் புலனாகும். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீழ்ச்சியின் அளவு

முதலில் அளவை அறிதல் வேண்டும். நியூயார்க் பங்குச் சந்தையின் டோ ஜோன்ஸ் குறியீட்டெண் 1929ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் 381 என்னும் உச்சத்தை எட்டியது. 1932ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அது 41ஆக இருந்தது. பத்துப் பங்கில் ஏறத்தாழ ஒன்பது பங்கு மறைந்துபோயிற்று. அமெரிக்காவின் மொத்த உற்பத்தி நான்கில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்தது. 1933இல் அந்நாட்டுத் தொழிலாளருள் நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தார். ஜெர்மனியில் 1932இன் தொடக்கத்தில் வேலையிழந்தோர் எண்ணிக்கை அறுபது இலட்சத்தைத் தொட்டது. உலக வாணிகத்தின் மதிப்பு 1929க்கும் 1933க்கும் இடையே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

பங்குச் சந்தை: காரணமா, அறிகுறியா?

பெருமந்தம் என்றவுடன் பலரும் 1929ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தையே சுட்டுவர். அம்மாதம் 24ஆம் நாள் வியாழக்கிழமை சந்தை நிலைகுலைந்தது. 28, 29 ஆகிய இரு நாள்களில் மட்டும் பங்குகள் தம் மதிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தன. விலையின் ஒரு பகுதியை மட்டும் கையிலிருந்து கொடுத்து, எஞ்சியதைத் தரகரிடம் கடனாகப் பெற்றுப் பங்குகளை வாங்குவது அந்நாளைய வழக்கம். விலை ஏறும்வரை இது இனித்தது. இறங்கியபோது கடனை அடைக்க விற்பதும், விற்பதனால் விலை மேலும் இறங்குவதும் ஒன்றையொன்று துரத்தின.

எனினும் சந்தை வீழ்ச்சியே முழுக்காரணம் எனக் கொள்வதற்கில்லை. ஒன்று, அமெரிக்க மக்களுள் பங்கு வைத்திருந்தோர் மிகச் சிறு பகுதியினரே. இரண்டு, அமெரிக்கத் தொழில் உற்பத்தி சந்தை சரிவதற்கு முன்பே, 1929ஆம் ஆண்டுக் கோடையிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. மூன்று, 1987ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் அதே சந்தை ஒரே நாளில் 22 விழுக்காட்டிற்கு மேல் சரிந்தது. ஆயினும் அதனைத் தொடர்ந்து பெருமந்தம் எதுவும் வரவில்லை. ஆகவே 1929இல் சரிந்த சந்தைக்கு அடியில் வேறு பல விரிசல்கள் இருந்திருத்தல் வேண்டும்.

போர் விட்டுச்சென்ற கடன்

முதல் விரிசல் முதல் உலகப் போரினால் ஏற்பட்டது. போரில் வென்ற பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்காவிற்குப் பெருங்கடன் பட்டிருந்தன. தோற்ற ஜெர்மனிமீது 1921இல் 13,200 கோடி பொன் மார்க்கு போர் இழப்பீடாக விதிக்கப்பட்டது. இத்தகைய தண்டனை ஐரோப்பாவையே அழிக்கும் என 1919லேயே கெயின்ஸ் தனி நூல் எழுதி எச்சரித்தார், கேட்பார் இலர்.

1924ஆம் ஆண்டு டாஸ் திட்டத்திற்குப் பின் வினோதமான ஒரு சுழற்சி உருவாயிற்று. அமெரிக்க முதலீட்டாளர் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தனர். ஜெர்மனி இழப்பீட்டைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் செலுத்தியது. அவை அமெரிக்காவிற்குத் தம் போர்க் கடனைத் திருப்பின. புறப்பட்ட பணம் புறப்பட்ட இடத்திற்கே மீண்டது. இச்சக்கரம் சுழல வேண்டுமானால் அமெரிக்கக் கடன் இடையறாது ஓடுதல் வேண்டும். 1928இல் அந்த ஓட்டம் தடைப்பட்டது. பங்குச் சூதாட்டத்தை அடக்கக் கருதி அமெரிக்க மைய வங்கியமைப்பாகிய பெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தியது. உள்நாட்டுச் சந்தையிலேயே பெருவருவாய் கிட்டுகையில் அயல்நாட்டிற்குக் கடன் கொடுக்க எவரும் விரும்பவில்லை. நியூயார்க் நகரம் களிப்பில் மிதந்துகொண்டிருந்தபோதே ஜெர்மனியின் பொருளாதாரம் தளரத் தொடங்கிவிட்டது.

பொன் என்னும் தளை

இரண்டாவது விரிசலே தலையாயது. அந்நாளில் பெருநாடுகள் பலவும் பொன் திட்டத்தைப் பின்பற்றின. ஒவ்வொரு நாணயமும் குறிப்பிட்ட எடைப் பொன்னுக்குச் சமமென வரையறுக்கப்பட்டது. பொன் வெளியேறினால் அந்நாடு வட்டியை உயர்த்தி, கடனைக் குறைத்து, கூலியையும் விலையையும் இறக்கியாக வேண்டும். பொன் வந்து சேரும் நாடோ பணப்புழக்கத்தைப் பெருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அதனைக் கட்டாயப்படுத்துவார் இலர். இழக்கும் நாடு சுருங்கியே ஆக வேண்டும், பெறும் நாடு பெருக்கினாலும் பெருக்காவிட்டாலும் கேட்பாரில்லை என்னும் இந்த ஓரவஞ்சனையே அத்திட்டத்தின் உள்நோய்.

பிரிட்டன் 1925இல் நிதியமைச்சர் சர்ச்சிலின் காலத்தில் பொன் திட்டத்திற்குத் திரும்பியது. பவுனுக்கு 4.86 டாலர் என்னும் போருக்கு முந்தைய விகிதத்தையே, நாட்டின் மதிப்பைக் காப்பதாகக் கருதி, மீண்டும் ஏற்றது. அவ்வுயர் விகிதத்தால் பிரிட்டிஷ் நிலக்கரியும் துணியும் உலகச் சந்தையில் விலைகூடித் தேங்கின. அதற்கு ஈடாகத் தொழிலாளரின் கூலியைக் குறைக்க முற்பட்டனர். பிரான்சோ தாழ்ந்த விகிதத்தில் பொன்னைத் தழுவி ஏராளமான பொன்னைக் குவித்தது. 1930களின் தொடக்கத்தில் உலக நாடுகளின் நாணயப் பொன்னில் பாதிக்கு மேல் அமெரிக்கா, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் பெட்டகங்களில் முடங்கிக் கிடந்தது. ஓரிடத்தில் இரத்தம் தேங்கினால் ஏனைய உறுப்புகள் மரத்துப்போவது போல மற்ற நாடுகள் பணமின்றித் தவித்தன.

இக்காரணம் வெறும் ஊகமன்று, சான்று உண்டு. வெள்ளி நாணயத்தைப் பின்பற்றிய சீனா மந்தத்தின் தொடக்க ஆண்டுகளில் பெரிதும் தப்பியது. 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் பொன் திட்டத்தைக் கைவிட்ட பிரிட்டனும், அதனைத் தொடர்ந்த ஸ்காண்டிநேவிய நாடுகளும், அவ்வாண்டு இறுதியில் விலகிய ஜப்பானும் முன்னதாக மீளத் தொடங்கின. அமெரிக்கா 1933இல் விலகிய பின்னரே நிமிர்ந்தது. 1936 வரை பொன்னைப் பற்றிக்கொண்டிருந்த பிரான்சு அதுவரை தளர்ந்தே கிடந்தது. தளையை எவ்வளவு விரைவில் அறுத்தனரோ அவ்வளவு விரைவில் எழுந்தனர். பேரி ஐக்கன்கிரீன் 1992இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலுக்குப் 'பொற்றளைகள்' எனப் பொருள்படும் பெயரை இட்டது இதுபற்றியே.

வங்கிகளின் வீழ்ச்சி

மூன்றாவது விரிசல் வங்கிகளில் தோன்றியது. அமெரிக்காவில் அந்நாளில் பல்லாயிரம் சிறு வங்கிகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை கிளைகள் இல்லாத ஊர் வங்கிகள். 1920கள் முழுவதும் வேளாண் விலைகள் தாழ்ந்தே இருந்தமையால் உழவரின் கடன் திரும்பவில்லை. அவ்வங்கிகள் ஏற்கெனவே நலிந்திருந்தன. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் 'பாங்க் ஆப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்னும் தனியார் வங்கி மூடப்பட்டது. 1930க்கும் 1933க்கும் இடையே ஏறத்தாழ ஒன்பதாயிரம் வங்கிகள் வீழ்ந்தன.

வங்கியின் இயல்பை இங்கு நினைத்துப் பார்த்தல் வேண்டும். போட்ட பணம் முழுவதையும் எந்த வங்கியும் பெட்டியில் வைத்திருப்பதில்லை. பணம் பத்திரமாக இருக்கிறது என்று அனைவரும் நம்பும்வரை அது பத்திரமாக இருக்கும். இல்லை என்று அனைவரும் அஞ்சினால் அந்த அச்சமே அதனை இல்லாமற் செய்துவிடும். இவ்வச்சத்தைத் தணிக்கவென்றே 1913இல் நிறுவப்பட்டது பெடரல் ரிசர்வ். ஆயினும் அது வேண்டிய பொழுதில் பணம் தந்து வங்கிகளைத் தாங்கவில்லை. பிரிட்டன் பொன்னைக் கைவிட்டதும், தன் பொன் வெளியேறுமோ என்றஞ்சி, 1931ஆம் ஆண்டு அக்டோபரில் வட்டியை ஒன்றரை விழுக்காட்டிலிருந்து மூன்றரையாக உயர்த்தியது. மூச்சுத் திணறுவோன் கழுத்தில் கயிற்றை இறுக்கியது போன்ற செயல் இது. பணப்புழக்கம் 1929 முதல் 1933 வரை மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்றும், அதுவே மந்தத்தைப் பெருமந்தமாக்கியதென்றும் மில்டன் பிரீட்மனும் அன்னா சுவார்ட்சும் 1963இல் நிறுவினர்.

ஐரோப்பாவில் 1931ஆம் ஆண்டு மே மாதம் ஆஸ்திரியாவின் மிகப் பெரிய வங்கியாகிய கிரெடிட்டான்ஸ்டால்ட் நிலைகுலைந்தது. ஜூலையில் ஜெர்மனியின் வங்கிகள் கதவடைத்தன. செப்டம்பரில் அந்நெருப்பு இலண்டனை எட்டியது. நாட்டுக்கு நாடு தாவிய இத்தீயை அணைக்கத்தக்க வலிமை பிரிட்டனுக்கு இல்லை. அமெரிக்காவிற்கு இருந்தது, மனமில்லை. தலைமை தாங்குவார் இன்மையே பெருமந்தத்தின் பெருங்காரணம் எனச் சார்லஸ் கிண்டில்பர்கர் 1973இல் எழுதினார்.

விலை வீழ்ந்தால் கடன் வளரும்

விலை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். கடனில்லாதவனுக்கு அது நன்மையே. கடனாளியின் நிலையை எண்ணிப் பார்ப்போம். நூறு ரூபாய் கடன்பட்ட உழவன் ஒருவன். நெல் மூட்டை ஐந்து ரூபாய் விற்கும்போது இருபது மூட்டை அளந்தால் கடன் தீரும். விலை இரண்டரை ரூபாயாக இறங்கினால் நாற்பது மூட்டை அளக்க வேண்டும். ஏட்டில் கடன் அதே நூறு. களத்தில் அது இருமடங்கு. கடனடைக்க எல்லாரும் ஒருசேர விற்க முற்பட்டால் விலை மேலும் சரியும்; அடைக்க அடைக்கக் கடன் வளரும். இந்நிகழ்வை இர்விங் பிஷர் என்னும் அமெரிக்க அறிஞர் 1933இல் விளக்கினார். அவரே 1929ஆம் ஆண்டு அக்டோபரில், பங்கு விலைகள் இனி இறங்காத மேட்டுநிலையை அடைந்துவிட்டன என்று கூறித் தம் பெருஞ்செல்வத்தையும் இழந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சுங்கச் சுவர்களும் பிடிவாதக் கருத்தும்

நோய் முற்றிய நிலையில் நாடுகள் தத்தம் வாயில்களை அடைத்துக்கொண்டன. 1930ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் இறக்குமதி வரியை உயர்த்தியது. கையெழுத்திட வேண்டாமென ஆயிரத்திற்கும் மேற்பட்ட பொருளியலார் குடியரசுத் தலைவர் ஹூவரை வேண்டினர், அவர் இசையவில்லை. கனடா உள்ளிட்ட நாடுகள் எதிர்வரி விதித்தன. பிரிட்டனும் 1932இல் காப்பு வரிக்கு மாறியது. சுங்கவரி மந்தத்தைத் தோற்றுவித்ததென்று கூறுதல் மிகை. ஆறாத புண்ணைக் கிளறியது என்பதே பொருந்தும்.

இவை அனைத்திற்கும் பின்னால் நின்றது ஒரு கருத்து. மந்தம் என்பது உடல் தன்னைத் தூய்மை செய்துகொள்ளும் காய்ச்சல். அதனைத் தடுத்தல் தவறு என்று ஆட்சியாளர் பலர் நம்பினர். நிதியமைச்சர் ஆண்ட்ரு மெல்லன் இக்கருத்தையே வற்புறுத்தினாரென ஹூவர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். ஜெர்மனியில் 1930 முதல் 1932 வரை ஆட்சித் தலைவராயிருந்த புரூனிங் அவசர ஆணைகளால் சம்பளத்தையும் உதவித்தொகையையும் குறைத்துக்கொண்டே சென்றார். கணக்கேடு சீராகும் என்பது அவர் எதிர்பார்ப்பு. மக்கள் அளித்த விடை வேறாக இருந்தது. 1928இல் 2.6 விழுக்காடு வாக்குப் பெற்ற நாஜிக் கட்சி 1932ஆம் ஆண்டு ஜூலையில் 37 விழுக்காட்டைக் கடந்தது. 1933ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் இட்லர் பதவியேற்றார். கருத்துப் பிழையும் உயிர்ப்பலி கேட்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தமிழர் வாசலில்

நியூயார்க்கிலும் வியன்னாவிலும் நேர்ந்தவற்றோடு நமக்கென்ன தொடர்பு என்று ஒதுக்குவதற்கில்லை. 1927ஆம் ஆண்டுச் சட்டம் ரூபாயின் மதிப்பை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என உயர்த்தி நிலைப்படுத்தியது. இவ்வுயர் விகிதம் இந்திய விளைபொருளின் விலையை மேலும் அழுத்துவதென்று நம் தலைவர்கள் வாதிட்டனர், அரசு இசையவில்லை. நெல், நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றின் விலைகள் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயின. நிலவரியும் வட்டியும் மட்டும் பணமாகவே, பழைய அளவிலேயே கேட்கப்பட்டன. பிஷர் கூறிய கடன் நோய் தமிழகச் சிற்றூர்களில் கண்கூடாயிற்று. 1931க்குப் பின் பொன்விலை உயர்ந்தபோது, நெருக்கடியில் சிக்கிய குடும்பங்களின் காதிலும் கழுத்திலும் கிடந்த நகைகள் உருகிக் கப்பலேறி இலண்டன் சென்றன. பொன் திட்டத்தைக் கைவிட்ட பேரரசின் நாணயத்திற்கு நம் பெண்களின் அணிகலன் முட்டுக்கொடுத்தது.

கடல் கடந்த தமிழரின் நிலையும் இதனோடு பிணைந்தது. ரப்பர் விலை சரிந்ததும் மலாயாவிற்குத் தொழிலாளர் அனுப்புதல் 1930இல் நிறுத்தப்பட்டது. பல்லாயிரவர் தோட்டங்களிலிருந்து தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர். பர்மாவில் நகரத்தார் நெல் உழவர்க்குக் கடனளித்து வந்தனர். நெல்விலை வீழவே கடன் பணமாகத் திரும்பவில்லை. ஈடு வைத்த நிலமாகத் திரும்பியது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. வேண்டிப் பெற்ற நிலமன்று அது. பணமுடக்கத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் நிலமிழந்த பர்மிய உழவனின் கண்ணுக்குத் தெரிந்தவர் வாசலில் நின்ற செட்டியாரே. இலண்டனிலும் நியூயார்க்கிலும் வட்டியை நிர்ணயித்தோர் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. 1930களில் அங்கு மூண்ட இந்தியர் எதிர்ப்பிற்கு வேறு காரணங்களும் உண்டெனினும், இந்நிலமாற்றம் அதற்கு நெய் வார்த்தது. தமிழகத்தில் இராஜாஜியின் அமைச்சரவை 1938இல் கொணர்ந்த வேளாளர் கடன் நிவாரணச் சட்டம் இப்பின்னணியில் எழுந்ததே.

நிறைவாக

தொகுத்து நோக்கின், போர்க் கடன் பொருளாதாரத்தை ஓரிழையில் தொங்கவிட்டது. பொன் திட்டம் ஒருவர் துன்பத்தை அனைவர்க்கும் கடத்தியது. காவலற்ற வங்கிகள் அச்சத்தைப் பேரழிவாக்கின. சுங்கச் சுவர்கள் மீளும் வழியை அடைத்தன. துன்பம் தூய்மை செய்யும் என்ற கொள்கை மருந்தைத் தடுத்தது. இவற்றுள் ஒன்றேனும் வானத்திலிருந்து வந்ததன்று.

மனிதர் செய்ததாகலின் மனிதரால் மாற்றவும் முடிந்தது. 1933இல் ரூசுவெல்ட் ஆட்சி பொன்னைக் கைவிட்டு, வங்கி வைப்புகளுக்கு அரசுக் காப்பீடு வழங்கியது. வங்கி ஓட்டங்கள் ஓய்ந்தன. இந்தியாவில் அத்தகைய காப்பீடு 1962இல் வந்தது. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தபோது பெடரல் ரிசர்வின் தலைவராயிருந்த பென் பெர்னாங்கி, பெருமந்தத்தின் வங்கி வீழ்ச்சியை ஆராய்ந்தவர். அவ்வாய்வுக்காகவே 2022இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். 1931இல் இறுக்கிய கயிற்றை 2008இல் தளர்த்தினர். துன்பம் அப்போதும் வந்தது. எனினும் 1933 மீண்டும் வரவில்லை. வரலாற்றைக் கற்றதன் பயன் அது.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. விகிதங்களை வகுத்தோர் எவரும் ரொட்டி வரிசையில் நின்றதில்லை. கணக்கேட்டின் மானத்தைக் காக்க விலை கொடுத்தவர் டெட்ராய்ட் தொழிலாளியும், கீழ்ப் பர்மாவின் உழவனும், தஞ்சைச் சிற்றூரில் காதணியைக் கழற்றிக் கொடுத்த பெண்ணுமே. மழை பொய்த்தால் வானத்தை நோக்கி வேண்டலாம். வானம் பொய்க்காத பஞ்சத்தில் நாம் நோக்க வேண்டியது, முடிவெடுக்கும் நாற்காலிகளை. கேட்க வேண்டியது, இம்முடிவின் விலையைக் கொடுப்பவர் யார் என்னும் வினாவை.